காற்றுக்குள் ஒளிந்திருந்த விருந்தாளி



ஆண்டு மலர் என்றால் அதில் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்கும். காமராசர், எடிசன், சர் சி.வி. ராமன், விஸ்வேஸ்வரய்யா என்று நாம் படிக்காத பெயர் இல்லை. இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டவர் சர் வில்லியம் ராம்சே. முதலாமாண்டு கெமிஸ்ட்ரி புத்தகத்தில் மந்த வாயுக்கள் பாடத்தில் ஒரே ஒரு வரியில் வந்துபோகிற பெயர். இரண்டு மார்க் கேள்விக்கு மேல் அவரை யாரும் மதித்ததில்லை. நான் கருவியியல் பிரிவு மாணவன். ஒரு கருவியைப் பற்றிப் படிக்கப் போய்த்தான் இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தேன். அந்தக் கருவியைப் பற்றியும் பிறகு சொல்கிறேன். முதலில் மனிதர்.

கிளாஸ்கோ பையன்

1852-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார் ராம்சே. அப்பா சிவில் இன்ஜினியர். சித்தப்பா ஒருவர் பெயர் பெற்ற புவியியல் அறிஞர். பதினான்கு வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டார். சிறு வயதில் கால்பந்து ஆடி காலை முறித்துக்கொண்டு படுத்திருந்தபோது, பட்டாசு செய்வது எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வேதியியல் புத்தகத்தைப் புரட்டினாராம். அங்கே பிடித்த பைத்தியம் கடைசி வரை விடவில்லை என்று சொல்வார்கள்.

1869-இல் டாட்லாக் என்ற பகுப்பாய்வு வேதியியலாளரின் லேபில் வேலை பழகினார். பிறகு ஜெர்மனிக்குப் போய் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் ஃபிட்டிக் என்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து 1872-இல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. இங்கே நமக்கு இருபது வயதில் அரியர் பேப்பரே நிறையாமல் இருக்கிறது!

ஊர் திரும்பியதும் அவருக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? கிளாஸ்கோவின் ஆண்டர்சன் கல்லூரியில், தொழில்நுட்ப வேதியியல் பிரிவில் உதவியாளர் வேலை. இந்த ஆண்டர்சன் கல்லூரி 1796-இல் தொடங்கியது. தொழிலாளிகளும் பட்டறைக்காரர்களும் வந்து விஞ்ஞானம் கேட்டுப் போன இடம். ஒருவகையில் நம்ம பாலிடெக்னிக்குகளுக்கெல்லாம் அது ஒரு கொள்ளுப்பாட்டி. ராம்சேயின் வாத்தியார் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. இதைப் படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

1880-இல் பிரிஸ்டல் கல்லூரியில் பேராசிரியர். அடுத்த வருஷமே அந்தக் கல்லூரிக்கு முதல்வர். அதே 1881-இல் மார்கரெட் புகானன் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். ஒரு மகள், ஒரு மகன். 1887-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜுக்கு வந்தார். அவர் பெயரை உலகம் தெரிந்துகொண்டது அங்கே செய்த வேலைகளால்தான்.

ஒரு விஷயத்தைக் குறிப்பிட வேண்டும். ராம்சே கண்ணாடி ஊதுவதில் கைதேர்ந்தவர். தனக்கு வேண்டிய குழாய்களையும் குமிழ்களையும் விளக்குத் தீயில் காட்டித் தானே ஊதிச் செய்துகொள்வார். பேராசிரியர் ஆகிவிட்டோமே, இதையெல்லாம் ஆள் வைத்துச் செய்துகொள்வோம் என்று அவர் நினைக்கவில்லை. வாயுக்களைத் துளித் துளியாகப் பிடித்து அடைக்கிற வேலைக்கு அந்தக் கைதான் மூலதனம். டிப்ளமோ படிப்பு என்றால் கை வேலைதானே என்று மூக்கைச் சுளிக்கிற சொந்தக்காரர்கள் நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

மூன்றாவது தசமத்தில் ஒரு வாயு

இனிதான் கதையே. லார்ட் ராலே என்ற இயற்பியல் அறிஞர் வாயுக்களின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனையும் மற்றதையும் நீக்கிவிட்டு மிஞ்சும் நைட்ரஜனை எடை போட்டால் லிட்டருக்கு 1.257 கிராம். அம்மோனியா போன்ற பொருள்களிலிருந்து தயாரித்த நைட்ரஜனை எடை போட்டால் 1.2505 கிராம். வித்தியாசம் அரை சதவீதம்தான். அட, இவ்வளவுதானே என்று நாமாக இருந்தால் விட்டுவிடுவோம். ராலே விடவில்லை. திரும்பத் திரும்ப அளந்தார். வித்தியாசம் போகவில்லை. 1892-இல் நேச்சர் பத்திரிகையில் இதை எழுதி, காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று வேதியியலாளர்களைக் கேட்டுக்கொண்டார்.

1894 ஏப்ரலில் ராலேயின் உரையைக் கேட்ட ராம்சே இதைக் கையில் எடுத்தார். மக்னீசியத்தைப் பழுக்கச் சூடாக்கினால் அது நைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும். காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனை அதன்மேல் போக விட்டார், திருப்பி வர விட்டார், மறுபடி போக விட்டார். வாயு குறையக் குறைய மிச்சம் இருப்பதன் அடர்த்தி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் ஒரு பங்கு எதற்கும் மசியவில்லை. நிறமாலைக் கருவியில் வைத்துப் பார்த்தால் இதுவரை யாரும் பார்க்காத கோடுகள்!

ராலேயும் ராம்சேயும் போட்டி போட்டுக்கொண்டு முந்தப் பார்க்கவில்லை. கடிதம் எழுதிக் கலந்துகொண்டு, 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்ஃபோர்டில் இருவருமாக அறிவித்தார்கள். எதோடும் சேராத வாயு என்பதால் சோம்பேறி என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஆர்கான் என்று பெயர் வைத்தார்கள். நாம் மூச்சு விடும் காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு இதுதான். வெல்டிங் ஷாப்பில் டிக் வெல்டிங் செய்யும்போது ஊதுகிறோமே, அதே ஆர்கான்.

வேடிக்கை என்னவென்றால் 1785-லேயே ஹென்றி கேவண்டிஷ் காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜனையெல்லாம் நீக்கிப் பார்த்து, 120-இல் ஒரு பங்குக்கு மேற்படாத ஒரு சின்னக் குமிழ் மட்டும் மிஞ்சுகிறது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் குமிழை யாரும் சட்டை செய்யவில்லை.

குண்டூரில் தொடங்கி லண்டனில் முடிந்தது

1868 ஆகஸ்ட் 18-ஆம் தேதி அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூரில் முழு சூரிய கிரகணம். பிரெஞ்சு வானியலாளர் ஜான்சென் அங்கே முகாம் போட்டுச் சூரியனின் விளிம்புச் சுடர்களை நிறமாலைக் கருவியில் பார்த்தார். அதே வருஷம் இங்கிலாந்தில் லாக்யர் சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோட்டை ஆராய்ந்து, இது சோடியத்தின் கோடு இல்லை என்று கண்டார். சூரியனின் பெயரால் அந்தத் தனிமம் ஹீலியம் என்று அழைக்கப்பட்டது. ஆனால் பூமியில் அதைப் பார்த்தவர் இல்லை.

1895 மார்ச் மாதம் ராம்சே க்ளிவைட் என்ற யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் போட்டுச் சூடாக்கினார். அதிலிருந்து வரும் வாயுவை நைட்ரஜன் என்று அமெரிக்காவில் ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். ராம்சே அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல் நிறமாலையைப் பார்த்தார். மஞ்சள் கோடு! இருபத்தேழு வருஷமாகச் சூரியனில் மட்டும் இருந்த ஹீலியம் அவருடைய கண்ணாடிக் குழாய்க்குள் நின்றது.

மூன்று மாதத்தில் மூன்று

ஆர்கான், ஹீலியம் இரண்டையும் தனிம வரிசை அட்டவணையில் எங்கே வைப்பது? எந்தக் கட்டத்திலும் அவை பொருந்தவில்லை. அப்படியானால் அட்டவணையில் புதிதாக ஒரு வரிசையே வேண்டும், அந்த வரிசையில் இன்னும் ஆள்கள் இருக்க வேண்டும் என்று ராம்சே கணக்குப் போட்டார். தேடுவதற்கு மோரிஸ் ட்ராவர்ஸ் என்ற இளைஞரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். வில்லியம் ஹாம்ப்சன் என்பவர் காற்றைத் திரவமாக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார். அவர் கொடுத்த திரவக் காற்றை மெதுவாக ஆவியாக விட்டு, கடைசியில் தங்குவதை ஆராய்ந்தார்கள்.

1898 மே 30. கிரிப்டான் கிடைத்தது. ஒளிந்திருந்தது என்று பொருள். ஜூன் மாதம் நியான். புதியது என்று பொருள். புதியது என்று பெயர் வைக்கலாமே என்று யோசனை சொன்னது ராம்சேயின் சின்னப் பையன். ஜூலையில், கிரிப்டானை நீக்கிய பிறகு மிஞ்சிய ஒரு சிறு குமிழை வெற்றிடக் குழாயில் விட்டு மின்சாரம் பாய்ச்சினார்கள். அழகான நீல ஒளி. அதற்கு செனான் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் அந்நியன், வெளியூரான், விருந்தாளி என்று பொருள். நம் தமிழிலும் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்பதுதான் பழைய பொருள். புதிதாக வந்தவர் என்பதால்தான் விருந்தினர். அதனால் செனானை நான் விருந்தாளி என்றே அழைக்கிறேன்.

எவ்வளவு அரிய விருந்தாளி தெரியுமா? காற்றில் சுமார் ஒரு கோடியே பதினைந்து லட்சம் பங்கில் ஒரு பங்குதான் செனான்.

புகழும் சறுக்கலும்

1902-இல் சர் பட்டம். 1904-இல் வேதியியல் நோபல் பரிசு. அதே வருஷம் இயற்பியல் நோபல் பரிசு ராலேக்கு. அந்த அரை சதவீத வித்தியாசம் இரண்டு பேரையும் ஒரே மேடையில் ஏற்றிவிட்டது.

1903-இல் ராம்சேயும் ஃபிரெடரிக் சாடியும் ரேடியத்திலிருந்து ஹீலியம் உண்டாகிறது என்று காட்டினார்கள். ஒரு தனிமம் இன்னொன்றாக மாறுகிறது என்பதற்குக் கண்முன் சாட்சி. 1910-இல் விட்லா கிரே என்பவருடன் சேர்ந்து ரேடியத்திலிருந்து வரும் வாயுவை, இன்று ரேடான் என்கிறோமே அதை, எடை போட்டார். கையில் இருந்த வாயு ஒரு கன மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அதற்கென்றே ஒரு நுண்தராசு செய்தார்கள்.

சறுக்கலும் உண்டு, மறைக்கக் கூடாது. 1907-இல் ரேடியத்தின் வாயு தாமிரத்தை லித்தியமாக மாற்றுகிறது என்று அறிவித்தார். மேரி கியூரி அடுத்த வருஷம் பிளாட்டினப் பாத்திரத்தில் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது லித்தியம் வரவில்லை. கண்ணாடியிலிருந்தே அது கரைந்து வந்திருக்க வேண்டும். எந்தக் கண்ணாடி அவரைத் தூக்கி நிறுத்தியதோ அதே கண்ணாடி காலை வாரிவிட்டது.

நம்ம நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாடா ஒரு விஞ்ஞானக் கழகம் தொடங்க நினைத்தபோது இடம் பார்த்து ஆலோசனை சொல்ல அழைக்கப்பட்டவர் ராம்சேதான். 1900-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்து சுற்றிப் பார்த்துவிட்டு பெங்களூரைச் சொன்னார். 1909-இல் இந்திய அறிவியல் கழகம் அங்கே உருவானது. அதன் முதல் இயக்குநர் யார்? செனானைக் கண்டுபிடித்த அதே ட்ராவர்ஸ்!

விருந்தாளி இப்போது என்ன செய்கிறார்?

இப்போது அந்தக் கருவிக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பாவுக்குப் பெட் ஸ்கேன் எடுக்க நான்தான் துணைக்குப் போயிருந்தேன். காலையிலிருந்து வெறும் வயிறு. ஊசி போட்டு ஒரு மணி நேரம் தனி அறையில் படுக்க வைத்தார்கள். பேசக் கூடாது, நடக்கக் கூடாது. பிறகு வளையத்துக்குள் கட்டில் போனது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு புள்ளி இருக்கிறதா இல்லையா, அதுதான் கேள்வி. மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடுத்துப் பார்ப்போம், இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர். அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கருவியால் ஏன் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்று அப்போது தேட ஆரம்பித்தேன்.

விஷயம் இதுதான். ஊசியில் போவது ஃப்ளூரின்-18 சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. புற்றுக்கட்டி சர்க்கரையை அதிகம் இழுக்கும். ஃப்ளூரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகும். அது வெளிவிடும் பாசிட்ரான் பக்கத்து எலக்ட்ரானோடு மோதி இரண்டும் மறையும். பதிலுக்கு 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரண்டு காமா கதிர்கள் நேரெதிர்த் திசையில் கிளம்பும. வளையத்தில் எதிரெதிரே இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் ஒளி வந்தால், இரண்டையும் சேர்க்கும் கோட்டில் எங்கோ அந்தச் சர்க்கரை இருக்கிறது. இப்படி லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்து ஒரு படம்.

இப்போது மருத்துவமனைகளில் உள்ள வளையங்களில் இருப்பது சில மில்லிமீட்டர் அகலமுள்ள திடப் படிகத் துண்டுகள். காமா கதிர் ஒரு துண்டில் விழுந்தது என்று தெரியும். ஆனால் இரண்டு சென்டிமீட்டர் ஆழமுள்ள துண்டில் எந்த ஆழத்தில் விழுந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. சாய்வாக வரும் கதிருக்கு இதனால் கோடு தப்பும். நான்கைந்து மில்லிமீட்டருக்கும் சிறிய புள்ளி என்றால் மங்கிவிடும்.

இங்கேதான் ராம்சேயின் விருந்தாளி வருகிறார். செனானைக் குளிர வைத்தால் மைனஸ் 108 டிகிரி செல்சியஸில் திரவமாகும். தண்ணீரைப்போல் மூன்று மடங்கு கனம். காமா கதிர் அதில் பட்டால் சில நானோ வினாடிகளில் ஒளி மின்னும். அத்தோடு எலக்ட்ரான்களும் விடுபடும். மின்புலம் கொடுத்தால் அவை ஒரு மைக்ரோ வினாடிக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வேகத்தில் மெதுவாக நகர்ந்து மின்வாய்க்கு வந்து சேரும். ஒளி வந்த நேரத்துக்கும் எலக்ட்ரான் வந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் ஆழம் கிடைத்துவிடும். நீளம், அகலம், ஆழம் மூன்றும் தெரியும். துண்டு போடாத ஒரே தொட்டி. 1976-லேயே லாவோய் என்பவர் திரவ செனானைப் பாசிட்ரான் படத்துக்குப் பயன்படுத்தலாம் என்று கட்டுரை எழுதினார். அதன் பிறகு ஜப்பான், போர்ச்சுகல், கனடா, பிரான்ஸ், ஸ்பெயின் என்று பல நாட்டு ஆராய்ச்சிக் குழுக்கள் முயன்றிருக்கின்றன. பிரான்சின் நான்ட் நகரில் எக்ஸெமிஸ் என்ற திட்டத்தில் சிறு விலங்குகளுக்காக சுமார் 200 கிலோ திரவ செனான் கொள்ளும் கருவியை அமைத்தார்கள். அங்கே ஸ்கேண்டியம்-44 என்ற ஐசோடோப்பை வைத்து, இரண்டு கதிருக்குப் பதில் மூன்று கதிரைப் பிடித்து இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது யோசனை.

அப்படியானால் ஏன் இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை? கஷ்டம் எல்லாம் நம்ம பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது நண்பர்களே! செனான் மைனஸ் 112 டிகிரியில் உறைந்துவிடும். சாதாரண அழுத்தத்தில் திரவமாக இருப்பதற்கு நான்கு டிகிரிதான் இடம். அதற்குள் பிடித்து வைப்பது கண்ட்ரோல் இன்ஜினியரிங் வேலை. அது வெளிவிடும் ஒளி 175 நானோமீட்டர் புற ஊதா. சாதாரணக் கண்ணாடி அதை விழுங்கிவிடும், குவார்ட்ஸ் ஜன்னல் வேண்டும் அல்லது அதற்கென்றே செய்த உணரிகள் வேண்டும். திரவத்தில் ஆக்சிஜனோ ஈரமோ நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும், ஓயாமல் சுத்திகரிக்க வேண்டும். படிகங்களைவிட எடை குறைவு என்பதால் காமா கதிரை நிறுத்தத் தடிமனும் அதிகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் விலை. கோடியில் ஒரு பங்கை வடித்தெடுப்பது சும்மாவா? இதில் எதுவும் விஞ்ஞானி மட்டும் உட்கார்ந்து தீர்க்கிற விஷயம் இல்லை. வால்வு, பம்பு, வெற்றிடக் கசிவு, வெல்டு, சென்சார் இவற்றைத் தெரிந்த கைகள் வேண்டும்.

முடிவாக

ராம்சே 1916 ஜூலை 23-ஆம் தேதி இங்கிலாந்தில் ஹை வைகோம் அருகே காலமானார். வயது 63. காரணம், மூக்கில் வந்த புற்றுநோய். அவர் காலத்தில் உடம்பின் உட்புறத்தைப் படம் பிடிக்க எக்ஸ்ரே ஒன்றுதான் இருந்தது. தாம் குழாயில் அடைத்த நீல ஒளி, நூறு வருஷம் கழித்து அதே நோயைத் தேடும் கருவிக்காகக் குளிர்ந்துகொண்டிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எங்கள் பெரியப்பா இப்போது நன்றாக இருக்கிறார். இரண்டாவது படத்தில் அந்தப் புள்ளி இல்லை. ஆனால் எல்லா வீட்டுக்கும் அந்த மூன்று மாதம் அப்படி முடிவதில்லை.

லேபில் ரீடிங் ஒத்துவராவிட்டால் பக்கத்து பேட்ச் ரெக்கார்டைப் பார்த்துச் சரிக்கட்டுகிற வழக்கம் எந்தக் கல்லூரியிலும் உண்டு. ராலேயும் ராம்சேயும் சரிக்கட்டியிருந்தால் மூன்றாவது தசமத்தோடு ஆர்கான் போயிருக்கும், ஆர்கானோடு செனானும் போயிருக்கும். அடுத்த செமஸ்டரில் உங்கள் மீட்டர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டினால், உடனே அழிக்காதீங்க. ஒருமுறைக்கு இருமுறை எடுத்துப் பாருங்க. அப்படியும் மாறவில்லை என்றால் சாரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. திட்டு விழலாம், பரவாயில்லை.